இடது காது

அயோத்தியாப்பட்டணம் எடைமேடையில்
இரவு ஷிஃப்ட் எனக்கு.
மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறும், நிற்கும்,
சிவப்பு எண்கள் நடுங்கி அடங்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டால்
அடுத்த லாரி வரைக்கும் நானும் பிராம்ஸும்.

முதல் வாரம் பிரம்மாஸ் என்றுதான்
சொல்லிக்கொண்டிருந்தேன்.
மொத்தமே நாலு சிம்பொனியாம்,
முதலாவதுக்கு மட்டும் இருபது வருஷம் பிடித்ததாம்.
நாலுதானே, நாலு ராத்திரி என்று
கணக்குப் போட்டவள் நான்.

பாடுகிறவர் எப்போது வருவார் என்று
பத்து நிமிஷம் காத்திருந்தேன்.
வரவில்லை.
வயலின்கள் ஏதோ சொல்ல வந்து
பாதியில் யாரிடமோ கொடுத்துவிட்டு நகர்ந்தன.
வாங்கியவர் என்ன ஆனார், தெரியாது.
மூன்றாவது சத்தமில்லாமல் முடிந்தபோது
சார்ஜ் போய்விட்டதென்று
போனைத் தட்டினேன்.

பிடித்ததா என்றால்
மேடையில் உதிர்ந்த மண்ணைப் பெருக்கும்போது
வாய் எதையோ முனகியது.
டிரைவர் மாதேசன் நின்று கேட்டார்:
"என்ன பாட்டுங்க பாப்பா?"
"வார்த்தை இல்லாததுங்கண்ணா."
"அப்புறம் எதைப் புடிச்சு ஞாபகம் வச்சுக்குவீங்க?"

சொல்லத் தெரியவில்லை. வடக்கே
சேர்வராயன் மலை இருட்டில்
ஒரு வண்டி ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் தெரியும், கொண்டை ஊசியில் தொலையும்,
நினைக்காத இடத்தில், இன்னும் உயரத்தில்,
வேறு பக்கம் பார்த்தபடி முளைக்கும்.
அதே வண்டிதான்.
மாதேசனுக்குக் கையை நீட்டிக் காட்டினேன்.
"காபிக் கொட்டை ஏத்தப் போறானுங்க" என்றார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்.
வலது காதை எப்போதும்
லாரிக்கென்று திறந்து வைத்திருப்பேன்.
முதலாளி போட்ட சட்டம்.
பிராம்ஸுக்கு இடது மட்டும்.

நேற்று ஆலையில் பாய்லர் பழுது.
லாரி வராது என்றார்கள்.
இருபத்து மூன்று இரவுக்குப் பிறகு
இரண்டு காதிலும் செருகிக்கொண்டு
முதலாவதை முதலிலிருந்து வைத்தேன்.

அந்த முரசுத் தட்டலோடு
வலப்பக்கம்
பெரிய பெரிய தந்திகள் குனிந்து
எதையோ சுமந்துகொண்டிருந்தன.
இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கின்றன.
இத்தனை நாளும் நான் கேட்டது
காலி வண்டியின் எடை.

இன்று பாய்லர் சரியாகிவிட்டது.
ஹாரன் அடிக்கிறார்கள் போலிருக்கிறது,
கண்ணாடியில் விளக்கு விழுந்து விழுந்து எழுகிறது.
கழற்றவில்லை.
ஏறுங்க என்று கையைக் காட்டுகிறேன்.
எண்கள் நடுங்குகின்றன.
இன்னும் அடங்கவில்லை.