வலது கணைக்கால், இரண்டு கோணம்

காலை ஏழு மணியிலிருந்து நான் பார்ப்பது நெஞ்சுகள்.
இக்காமாவுக்கு வரிசையில் நிற்கிற நெஞ்சுகள்.
மூச்சை இழு. பிடி. விடு.
அரபியில், இந்தியில், வங்காளத்தில், நேப்பாளியில்
இந்த மூன்றை மட்டும் சொல்லத் தெரியும் எனக்கு.
பழைய தழும்பு ஒன்று நுரையீரலில் தென்பட்டாலும்
ஆள் ஊர் திரும்ப வேண்டியதுதான்.
கால்களை யாரும் கேட்பதில்லை,
நிற்கப்போவது அவைதான் என்றாலும்.

ஃபஹாஹீலில், மீன்சந்தைக்குப் பின்தெருவில்
திரைச்சீலைக் கடைக்குக் கீழே ஒரு சிர்தாப்.
பெண்களுக்கு எட்டிலிருந்து ஒன்பது.
மாதம் பதினெட்டு தினார்.
சகாயத்துக்கு அனுப்புகிற கணக்கில் அதற்குப் பெயர்
'தண்ணீர், இதர செலவு'.

என்னோடு மோதுகிறவள் ஜோவலின்.
பகலெல்லாம் அடுத்தவர் பாதத்தை மடியில் வைத்து
நகத்தில் பூ வரைகிறவள்.
இரவில் அவள் கால் கிளம்புவது தெரியாது,
வந்து சேர்ந்ததுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உதைத்தது நான்.
அவள் முழங்காலைத் தூக்கினாள், அவ்வளவுதான்.
நடுவில் தோல் என்று ஒன்று இல்லாததுபோல
எலும்பை எலும்பு தொட்டது.
பனைமட்டையைத் தொடையில் வைத்து ஒடித்த சத்தம்.
இருவரும் சிரித்தோம்.
பிறகு இருவரும் உட்கார்ந்தோம்.
அவள் தகாலொகில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
நான் தூத்துக்குடியில் சொன்னேன்.

'பாட்டிலை உருட்டு' என்பாள் நவால்.
காசாப்ளாங்காவில் அப்படித்தான் பழகினாளாம்.
உருட்ட உருட்ட எலும்பு செத்துப்போகும், வலிக்காது.
எலும்பு சாகாது நவால்.
நான் உள்ளே பார்த்தவள்.
அடிபட்ட இடத்தில் அது வெள்ளையாகக் கெட்டிப்படும்,
பொறுத்தால். பொறுக்காவிட்டால் கீறும்.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
நகர்ந்த அம்மியில் அப்புறம் யார் அரைத்தார்கள்
என்று எவரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் அதன்மேலேயே உதைத்தேன்.
கத்தரிக்காய் நிறம், பிறகு பாசி,
பிறகு பழுத்த வேப்பிலை.
சகாயம் அழைக்கும்போது கைபேசியை
இடுப்புக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன்.
'இளைச்சிட்டே' என்றார்.
'வெயில்' என்றேன்.

இரவுப் பணியில் பின்சி இருந்தாள்.
'கேறிக் கிடக்கு' என்றாள்.
பதினோரு வருடமாக நான் துடைக்கிற மேசை,
இவ்வளவு குளிரும் என்று தெரியாது.
காலுக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை.
பிடித்தேன்.

திரையில் என் கணைக்கால், இரண்டு கோணத்தில்.
முன்விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு,
மயிரிழையில் பாதி.
நானே கண்டுபிடித்தேன், பின்சிக்கு முன்னால்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மருத்துவர் பேனாவைத் திறந்தார்: எப்படி?

இந்தக் கேள்விக்கு
ஒரு பதில்தான் கேட்டிருக்கிறேன் அந்த அறையில்.
படியில் விழுந்தேன்.
மாடி இல்லாத வீட்டில் வேலை செய்கிறவர்களும்
படியில்தான் விழுவார்கள்.
ஒடிவது முன்கை, சுண்டுவிரல் பக்கம்,
முகத்துக்கு முன்னால் தூக்கினால் மட்டுமே
அடி வாங்குகிற இடம்.
போன மார்ச்சில் ஒருத்தி.
இருபத்திரண்டு வயது, பெயர் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
அசையாதே என்று மட்டும் சொன்னேன் அவளிடம்.
வேறு எதுவும் எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை.
ஏப்ரல் முதல் தேதி சிர்தாபில் இறங்கினேன்.

மருத்துவர் காத்திருந்தார்.
பேனா ஏற்கெனவே படியின் முதல் எழுத்தில் இருந்தது.
'உதைத்தேன்' என்றேன்.
'யார் உதைத்தது?'
'நான். நான்தான் உதைத்தேன்.'
இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகிவிட்டது.
திரைக்கு அந்தப்பக்கம் பின்சி சிரித்தாள்.

ஆறு வாரம், பூட்ஸ் கட்டு, உதை கூடாது.

கட்டின மாசப் பணத்தைக் கேட்கப் போனேன்,
ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கி.
ஜோவலின் தன் காலைக் காட்டினாள்.
கோடு கிடையாது, வீக்கம் மட்டும்.
அவள் எலும்பு நல்ல எலும்பு.
பணம் திரும்பாது என்றாள் நவால்.
கையுறையை என் மடியில் போட்டாள்.
'கை ரெண்டும் முழுசாத்தானே இருக்கு?
உட்கார்ந்தே குத்து.'