குறிப்பு 31

மார்ச் முப்பத்தொன்றோடு ஆண்டு முடிந்தது.
ஊரடங்கு. கொழும்பிலிருந்து கணக்காய்வாளர்
வீடியோவில் இருப்பு எண்ணினார்.
திருகோணமலை, கொட்பே ஐஸ் தொழிற்சாலை,
குளிரறைக்குள் போனை மெல்லத் திருப்பினேன்.
"இன்னும் இடப்பக்கம்" என்றார்.
இடப்பக்கமும் ஒன்றுமில்லை.

"தொடர்ந்தியங்கும் நிறுவனம்":
அந்த வரியை நாலு தரம் அழித்தெழுதி
கடைசியில் ஒரு வால் ஒட்டினோம்,
"எனப் பணிப்பாளர்கள் நம்புகின்றனர்."

கட்டி உடைக்கும் புண்ணியமூர்த்தி
ஏப்ரல் பதினொன்றில்
மூச்சு முட்டிச் செத்தான்.
பெட்டியைத் திறக்க விடவில்லை.
ஐந்தொகைத் திகதிக்குப் பிந்திய நிகழ்வு;
சீராக்கம் தேவையில்லை.

சித்திரை வருசத்துக்கென்று
மார்ச்சிலேயே அவன் வாங்கிய முற்பணம் மட்டும்
இந்த ஆண்டுக்குள் நின்றது.
பதினெட்டாயிரத்து நானூறு.
கேட்டு எழுதினேன்.
"சிறு தொகை, தனியே காட்ட வேண்டாம்."

ஏனைய செலவுகளில்
கரைத்தேன்.