கால் திருகு

கடலைப் பார்த்த மனைக்கு விலை கூடும்.
கடலைப் பார்த்த வண்டிக்கோ
பரமக்குடி புரோக்கர்
"மண்டபம் பக்கமா?" என்று கேட்டே
பத்தாயிரம் குறைப்பான்.
அப்படிக் குறைந்த விலைக்குத்தான் வாங்கினேன்,
ஏதோ ஒரு பேக்கரியின் பெயர்
பின்கதவில் பாதி சுரண்டிக் கிடந்த ஆம்னியை.

நண்டுக்கான வண்டி.
விடியுமுன் பாம்பன், ஏழரைக்குள் மண்டபத்துக் கம்பெனி.
உருகும் ஐஸ் ஒழுகித் தரைத்தகட்டைத் தின்னும்.
மேலிருந்து காற்று, கீழிருந்து நண்டுத்தண்ணீர்.

ராமநாதபுரத்தில் ஒருவர்
சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிய கையோடு
என் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி
யாருக்கோ கொடுத்துவிட்டு
யாருடையதையோ எனக்கு மாட்டினார்.
எப்படித் தெரியும் என்று கேட்டார், சிரித்துக்கொண்டே.
என்னுடையது ஒருமுறை இருமிவிட்டுப் பிடிக்கும்.
இது மூன்றுமுறை இருமியது.
அதை எந்த ஸ்டேஷனில் புகாராக எழுதுவது?

அன்றிரவு
மகளின் அரக்குநிற நகப்பூச்சை எடுத்து
டைனமோ, ரேடியேட்டர், புது செல்ஃப் என்று
கண்ணுக்குப் படாத மூலைகளில்
ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்குப் பின்னால்
போர்டு இல்லாத கொட்டகை.
ஐஸ் லாரி ரெஜிஸ்தான் சொன்னான்:
"ஏசுவாரு. ஆனா ஏமாத்த மாட்டாரு."
சீனி உமர் ஏசவும் இல்லை.
ஓடும் எஞ்சினில் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து
பிடியைக் காதில் வைத்து
கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.
"இது கெட்டுப்போற சத்தம் இல்ல,
வயசாகுற சத்தம். ஓட்டுங்க.
மாறுச்சுன்னா வாங்க."
காசு வேண்டாம் என்றார்.
வேண்டாம் என்றதும் எனக்குச் சந்தேகம் கூடியது.

மூன்றாம் தடவை, கிளட்ச் வயருக்குப் போனபோது
வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"டைனமோவுல பொட்டு அழிஞ்சு போச்சுக்கா.
வேற வச்சிருங்க. நாளைக்கு
என்னயக் கேக்கக் கூடாது."
எத்தனை நாளாக அவருக்குத் தெரியும்?
நான் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த
பழைய டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று.

பிறகு அந்த மார்கழிக் காலை.
பாம்பன் பாலத்தின் நடுவில் இருக்கிறேன்,
பின்னால் அறுபது கிலோ நண்டு, வலப்பக்கம் ரயில்பாலம்.
போன் அடிக்கிறது.
"எமரன்சியக்கா, எங்க இருக்கீங்க?
நேத்து பஞ்சர் பாத்தேன்ல, பின் சக்கரம்.
பாங்கு சொல்லவும் எந்திரிச்சுப் போயிட்டேன்.
நாலாவது நட்ட முடுக்குனேனான்னு
ராத்திரி பூரா ரோசனையா இருக்கு.
மெதுவா வாங்க. நிறுத்துங்க. இல்ல, மெதுவா வாங்க."

பாலத்தில் எங்கே நிறுத்துவது?
இருபதில் உருட்டினேன்.
பின்னால் வந்த பஸ் ஹாரனிலேயே என்னை ஏசியது.
ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குலுங்க
நான் ஒரே ஒரு நட்டை மட்டும்
மனதில் பிடித்துக்கொண்டு வந்தேன்.
தோணித்துறையில் ஓரங்கட்டி
ஸ்பேனரைப் போட்டேன்.
மூன்று அசையவில்லை.
நான்காவது கால் திருகு கொடுத்தது.

அவர் மறந்ததா, பாலம் தளர்த்தியதா,
என் பதற்றம் திருகியதா?
டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியவரும்
குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.
"தெரியலக்கா" என்றார்.
இதுவரை எந்த மெக்கானிக் வாயிலிருந்தும்
அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

கம்பெனியில் நேரம் தவறிவிட்டது என்று
கிலோவுக்கு இருபது பிடித்தார்கள்.
அவருக்கு இரண்டு நண்டு நீட்டினேன்.
உடம்புக்குச் சேராது என்றார்.

சனிக்கிழமை உச்சிப்புளிச் சந்தையில்
புது பாட்டில் வாங்கினேன், அதே அரக்கு.
கொட்டகைக்குப் போய் பானெட்டைத் தூக்கி
அவர் முன்னாலேயே வைத்தேன் டைனமோவுக்கு.
கை எட்டாத இடம், இருட்டு.
அவர்தான் டார்ச் பிடித்தார்.
"இன்னுங் கொஞ்சம் உள்ள வைங்க" என்றார்,
"சூட்டுல உரியாது."