மல்லாவி, இரண்டாம் காட்சி

நெல்லுக் களஞ்சியமாய் இருந்தது இது.
கதிரைகளுக்கடியில் இன்னும் உமி கிடக்கும்,
எலி வரும்.
வவுனியாவில் மூடின தியேட்டரொன்றின்
நூற்றுப் பன்னிரண்டு கதிரைகளை
குலேந்திரன் அண்ணை லொறியில் ஏற்றி வந்து
தகரத்துக்குக் கீழே வரிசையாய் நட்டார்.
ஆள் எழும்பினால் படாரென்று மடியும்.
டிக்கெற் கிழிக்கிறதும் ரோச் அடிக்கிறதும் நான்.

இந்தக் கிழமை பேய்ப்படம்.
படத்துக்குள்ளும் ஒரு தியேட்டர்.
கடைசி வரிசையில் அவள் இருக்கிறாள்,
திரும்பிப் பார்க்கிறவன் சாகிறான்.
இடைவேளைக்குப் பிறகு
ஒவ்வொரு வரிசையாய் முன்னுக்கு வருகிறாள்.

முதல் நாள்
அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்து மழை.
தகரம் போட்ட சத்தத்தில்
பேய் கத்தினது ஒருத்தருக்கும் கேட்கவில்லை.
"அக்கா, கொஞ்சம் பலமாய்!" என்றான் ஒரு பெடியன்.
அதற்குப் பிறகு படம் முடியும்வரை சிரிப்பு.

ஐந்தாம் நாளும் தவமலரக்கா வந்தா.
ஒரு டிக்கெற், நடு வரிசை, ஒரு சரை கடலை.
பேய் வருகிற இடங்களில் மட்டும்
கடலையை மடியில் வைத்துவிட்டு
முன்னுக்குச் சாய்ந்து முகத்தைப் பார்ப்பா,
துணியை விலக்கிக் காட்டச் சொல்லிப்
பார்க்கிறவர்களைப் போல.

"பயமில்லையோ அக்கா?"
சைக்கிளை எடுத்துக் கொடுக்கையில் கேட்டேன்.
"என்னத்துக்குப் பயம்?
செத்ததுகள் எப்பிடியும் ஒருநாள்
பின்னாலை வந்து இருக்குமாம், படத்திலை சொல்லுது.
என்ரை பெடியன் பதினாறு வரியமாய்
கனவிலைகூட வரேல்லை.
அப்ப யோசிச்சுப் பார்."
சில்லை அமத்திக் காற்றுப் பார்த்துவிட்டு
துணுக்காய் றோட்டில் மிதிச்சுப் போனா.

அன்று இருபத்துமூன்று டிக்கெற்.
ஜெனரேற்றரை நிற்பாட்டி
கூட்டுவதற்கு உள்ளே போனேன்.
எல்லாம் மடிந்திருந்தன.
கடைசி வரிசையில், சுவர்ப் பக்கம்,
ஒன்று மட்டும் மடியவில்லை.

ஸ்பிரிங் போயிருக்கும்.
அண்ணையிடம் சொல்ல வேணும்.
ரோச்சை நிலத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டு போய்
கையால் மடித்தேன்.
கனத்தது.

சாக்குத் தைக்கிற சணல் ஒரு பந்து மூலையில் கிடந்தது.
சுற்றிச் சுற்றி
இருந்த முழுவதையும் சுற்றி
இறுக்கிக் கட்டினேன்.
"தம்பி, எழும்பிப் போ" என்று
என் வாயில் வந்தது.

நாளைக்கும் அவ வருவா.
திரும்பிப் பார்க்கிற ஆளில்லை,
என்றாலும்.