வெறும் மண்

ருக்கையா அக்கா,
இதைக் குரலில் அனுப்ப மூன்று தடவை பார்த்தேன்.
மூன்று தடவையும் பாதியில் அழித்தேன்.
அதனால் எழுதுகிறேன்.

உன் கொல்லையில் ஒன்பது தென்னை.
மாதத்துக்கு ஒரு மட்டை என்று
மரம் கணக்குத் தவறாமல் கழிக்கும்.
நீ புரூணை போய் இருபத்தாறு மாதம்.
பெருக்கிப் பார்.
பாளை, பன்னாடை தனி.
புயலில் சாய்ந்து, நீ அறுக்கச் சொல்லாமல் போன
இரண்டு அடிமரம் தனி.

மாசியில் காற்று திரும்பியதும்
இரவெல்லாம் அவை உரசிக்கொள்ளும்,
யாரோ இருட்டில் உட்கார்ந்து
புதுநோட்டு எண்ணுவது போல.

தண்ணீர் ஊர் என்று பேர் நமக்கு.
ஆடிக்கு முன்னால் கடைமடைக்கு வந்து பார்.
வாய்க்கால் நடுவே பையன்கள்
ஸ்டம்பு நட்டிருப்பார்கள்.
முத்துப்பேட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்த அன்று
அதன் தண்ணீர் தீர்ந்ததும்
குழாயை இழுத்துக்கொண்டு கரை இறங்கிய ஆள்
பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் என்ன சொல்ல?
மேட்டூரைக் கேள் என்றா?

வண்டி வந்த கதை உனக்கு வந்து சேர்ந்திருக்கும்.
கரண்டு கம்பி உரசிப் பொறி விழுந்தது,
அப்படித்தானே?
லைன்மேன் நாகூரான் பாவம்
தெருவே கூடி ஏசியதை
ஏணியைத் தோளில் வைத்தபடி கேட்டான்.
கூட்டத்தில் நானும் தலையாட்டினேன்.

கம்பி இல்லை அக்கா.
நான்.

முதல்நாள் சாயங்காலம்
வேலியோரம் என் பக்கத்துச் சருகைக் கூட்டி,
மூங்கில் இலை, முருங்கைக் குச்சி,
உரித்த தேங்காய் மட்டை நாலு,
கொளுத்தினேன். எரிந்தது. அடங்கியது.
ஒரு குடம் ஊற்றினேன்; சுர்ரென்றது.
போதும் என்று உள்ளே போய்விட்டேன்.

தேங்காய் மட்டை
தீயை வெற்றிலை மாதிரி அடக்கிக்கொள்ளும்.
கன்னம் உப்பியது வெளியே தெரியாது.
மறுநாள் மத்தியானம், நான் பாமாயில் வரிசையில் நிற்க,
காற்று வந்து பேச்சுக் கொடுத்ததும்
துப்பியது.

நம் வேலியும் கீற்றுதானே.
நமக்குத்தான் வேலி; தீக்கு அது வரப்பு.
ஏறி நடந்து வந்தது.
உன் பக்கம் இருநூற்றுச் சொச்சம் மட்டை
பாய் விரித்துக் காத்திருந்தது.

பின்சுவர், கழிவறைக் கதவு, அந்தச் சப்போட்டா.
தென்னையில் இரண்டுக்குக் குருத்தே கருகிவிட்டது.
என் கொட்டகைக்கு ஏழு முழம் முன்னால் நின்றது.
யாரும் நிறுத்தவில்லை,
மாடு குளிப்பாட்டுகிற ஈரமண் அங்கே.
சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி
மூன்றாம் நாள் கோரையாற்றுக் கரையில் கிடைத்தாள்.
இன்னும் பாதிப் பால்தான் தருகிறாள்.

சொல்லாமல் உன் சுவர் ஏறிக் குதித்தேன்.
நானும் கொழுந்தன் வேதரெத்தினமும்
பதினொரு நாள்.
எரியாமல் தப்பிய மட்டைகளை முழம் முழமாய்த் துண்டாக்கி
ஏழு மரத்தடியிலும் வட்டக் குழி பறித்து
உள்ளே போட்டு, சாணித் தண்ணீர் தெளித்து, மண் மூடினோம்.
மரம் கழித்தது மரத்துக்கே.
அடிமரத்தை அறுவைப் பட்டறை எடுத்துக்கொண்டது.
கருவேல முள்ளை ஊராட்சி டிராக்டரில் ஏற்றினோம்;
ஒரு நடைக்கு இருநூறு கேட்டான்,
அது என் கணக்கு.
தீக்குச்சி மட்டும் கிழிக்கவில்லை.
வேதரெத்தினம் பீடியைக்கூடத்
தெருவுக்குப் போய்த்தான் பற்றவைத்தான்.

கீற்று வேலியைப் பிடுங்கிவிட்டேன்.
அந்த இடத்தில் கிளுவைக் கொம்பு.
குடத்தில்தான் தண்ணீர்; நாலு துளிர்த்திருக்கிறது.
அதுவரை நம் இரண்டு கொல்லைக்கும் நடுவில்
ஒன்றும் இல்லை.
உன் வீட்டைச் சுற்றி எட்டு முழம் வெறும் மண்.
கோழி நடந்தால் விரலை எண்ணலாம்.

பின்சுவரில் கறுப்பு அப்படியே இருக்கிறது,
ஆள் உயரத்துக்கு, உச்சியில் கூராகி.
சுண்ணாம்பு வாங்கி நீற்றி வைத்தாயிற்று.
அடிக்கவில்லை.
நீ ஒரு தடவை பார்த்துவிடு.