வற்றம் மாலை 6:52

எட்டு மணிக்குத் துறைமுகக் குழு.
தீயணைப்பு நிலையத்து மாடி. ஏழு நாற்காலி,
கூரை ஒழுகுவதால் ஒன்று எப்போதும் ஈரம்.
டன்னிகன் கவுண்டியின் பதினொரு குழுக்களுக்கும்
குறிப்பெடுக்கும் கை ஒன்றுதான்,
என் கை.

தீர்மானம் நான்கு: கழிமுகத்து மணல்திட்டைத் தூர்வார
இந்த ஆண்டும் பணமில்லை.
மூன்று பேர் ஆம் என்றார்கள். ஒருவர் தும்மினார்,
அதையும் ஆம் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பத்துக்கு நூலகத்தில் சிறுவர் கதைநேரம்.
என் வேலையில் சேராது. ஆனால் ஜெராக்ஸ் அங்கேதான்.
திமிங்கலம் எங்கே படுத்துத் தூங்கும் என்று
நடுக்கதையில் ஒரு சிறுமி எழுந்தாள்.
யெசேனியா புத்தகத்தை மூடிவிட்டு
பொதுமக்கள் கருத்துக்கு நேரம் ஒதுக்கினாள்.

பதினொன்றுக்குச் சுனாமிச் சங்கு. சோதனைதான்.
ஊரே ஓடாமல் நின்று கேட்கும் ஓலம்.
கடற்காகங்கள் மட்டும் நம்பி எழுந்து
ஒரு வட்டமடித்து
அதே கம்பங்களில் அமர்ந்தன.

ஒன்றரைக்கு நிலப்பயன் விசாரணை.
வெர்லீன் ஓடெகார்டின் வீடு
மண்குன்றின் விளிம்பிலிருந்து இருபத்திரண்டு அடி.
விண்ணப்பம் எழுதிய அன்று முப்பத்தொன்று.
பாறை அடுக்கிக்கொள்ள அனுமதி கேட்கிறாள்.
அடுக்கினால் தன் வாசல் மணலை அலை தின்னும் என்கிறார்
தெற்கே குடியிருக்கும் க்ளைட்.
அவர் சொல்வதும் பொய்யில்லை.
ஆளுக்கு மூன்று நிமிடம். மஞ்சள் விளக்கு, பிறகு சிவப்பு.
வெர்லீன் வாய் திறக்கவில்லை.
தோட்டவேலியின் கடைசிக் கம்பைப் பிடுங்கி வந்திருந்தாள்,
முனையில் இன்னும் மண்.
மேசைமேல் வைத்துவிட்டு மூன்று நிமிடமும் நின்றாள்.
இதை எப்படி எழுத?
“விண்ணப்பதாரர் கம்பு ஒன்று சமர்ப்பித்தார். சான்று இ.”
முப்பது நாள் ஒத்திவைப்பு.
நகல்: க்ளைட், வெர்லீன், பொறியாளர்.
கடலுக்கு அனுப்பவில்லை.

ஐந்துக்குப் பள்ளிக்கூடத்தில் சிப்பி சூப்,
பேண்டு வாத்தியத்துக்குப் புது டிரம் வாங்க.
கிண்ணம் எட்டு டாலர். நின்றபடியே குடித்தேன்,
மீண்டும் மாடி ஏற வேண்டும்.

ஏழுக்கு இடுகாட்டுக் குழு. உறுப்பினர் மூவர்,
இருவர் இருந்தால் கோரம்.
ஆர்வில் ப்ரூயிட் போன வியாழன் போய்விட்டார்.
சைமா லின்ட்குவிஸ்ட் நண்டுப் படகில்,
காலையில் தூர்வாராமல் விட்ட அதே திட்டுக்கு அப்பால்,
ஓதம் ஏறக் காத்திருக்கிறாள்.
வந்திருப்பவர் தலைவர் டெல்பர்ட் மட்டும்.
கோரமில்லை.

நிகழ்ச்சி நிரலில் இரண்டே விஷயம்.
ஒன்று, காலியான உறுப்பினர் இடம்.
இரண்டு, ஆர்வில் ப்ரூயிட் ஜனவரியில் தந்த மனு:
தன்னை வரிசையில் கிடத்த வேண்டாம்,
குறுக்காக,
கழிமுகம் பார்த்து.
இருமுறை அவரே தள்ளிவைத்தார்,
“அவசரம் ஒன்றுமில்லை” என்று.

அடக்கம் நாளைக் காலை.
குழி தோண்டுகிறவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலிலேயே நிற்கிறார். எந்தப் பக்கம்,
அதை மட்டும் சொல்லுங்கள்.

டெல்பர்ட் எழுந்து
தீயணைப்பு வானொலியைத் திருகினார்.
இரைச்சல். பிறகு சைமாவின் குரல், காற்று தின்றது போக மீதி.
மனுவைப் படித்தார்.
“குறுக்காவா?”
“குறுக்காத்தான்.”
அலை ஒன்று பேசி முடிக்கும்வரை இருந்தோம்.
“ஆம்னு எழுதுங்க. நாங்க உள்ளே வர்றதை
யாராவது ஒருத்தராவது பாக்கட்டும்.”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
வானொலிக்கு அனுமதியும் இல்லை, தடையும் இல்லை.
வருகைக் கட்டத்தில் எழுதினேன்:
டெல்பர்ட், நேரில்.
சைமா, கடலில்.
ஆர்வில் ப்ரூயிட்
என்று எழுதிய பிறகுதான் கை நின்றது.
அடிக்க மனமில்லை. “விடுப்பு” என்று முடித்தேன்.

கூட்டம் கலைந்தது 7:26.
நாற்காலிகளை மடித்து அடுக்கினோம், ஈரமானதைத் தவிர.
சான்று இ என் கார் பின்சீட்டில் கிடக்கிறது,
அந்த நீளத்துக்கு
அலுவலகத்தில் உறை இல்லை.