கூரை விளக்கு

பற்றறியில் பன்னிரண்டரை வோல்ற்,
பல்ப்பில் ஒன்பது.
மிச்ச மூன்றரை எங்கே இறங்கிப் போனதென்று
பஞ்சிகாவத்தைச் சந்து ஒன்றில் குந்தியிருந்து
தேடுகிறார் நிஸ்தார்.

என் சன்னிக்கு வயது முப்பத்தெட்டு.
புத்தகத்தில் ஏழாவது பெயர் என்னுடையது.
முன்னிருந்த ஆறு பேரும்
ஆளுக்கொரு வயர் இழுத்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள்.

நோய் இதுதான்:
வெள்ளவத்தைப் பாலம் தாண்டி இறங்குகையில்
ஹெட்லைற் இரண்டும் செத்துப்போகும்.
அதே நொடி
தலைக்கு மேல் கூரை விளக்கு பற்றிக்கொள்ளும்.
வீதி இருட்டில், நான் மட்டும் வெளிச்சத்தில்,
பேக்கரிக் கண்ணாடிக்குள் கடைசியாக மிஞ்சிய
பணிஸ் மாதிரி.

தெமட்டகொடையில் பல்ப் மாற்றினார்கள்.
கொட்டாஞ்சேனையில் பியூஸ்.
நுகேகொடையில் ஒருவன்
வேறு கார் வாங்கச் சொன்னான்,
அதற்கும் ஐந்நூறு எடுத்தான்.

நிஸ்தார் எதையும் மாற்றவில்லை.
டாஷ்போர்ட்டைக் கழற்றினார்.
உள்ளே காகக் கூடு.
(கொழும்புக் காகம் கம்பியில்தானே கட்டும்.)
எப்போதோ பாடி ஓய்ந்த கசற் பிளேயரின் வால்,
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு திருட்டு அலாரம்,
நுவரெலியா போகும் ஆசையில் யாரோ பூட்டிய
பனிவிளக்கின் மஞ்சள் வயர்,
நூறு வாற் பல்ப் தாங்காமல் உருகின சொக்கற்,
பெயின்றுக்கு மேலேயே முடுக்கிவிட்ட எர்த்.

"கறுப்பு வயர்ல கறண்ட், செவப்புல எர்த்து.
இதுகளுக்கெல்லாம் வாப்பா ஆருண்டே தெரியாது"
என்று ஒட்டு நாடாவை உரித்தார்.
பசை பாகாய் விரலோடு வந்தது.

பிறகு ஸ்ரியறிங்குக்குக் கீழே,
முழங்கால் போய் முட்டுகிற இடத்தில்,
கறுப்புப் பூசி மறைத்த
ஒரு சின்னச் சுவிற்ச்.
மேலே தட்டினார்: முன்னுக்கு வெளிச்சம்.
கீழே தட்டினார்: முன்னுக்கு இருட்டு, கூரையில் வெளிச்சம்.
இன்னொரு தரம்.
இன்னொரு தரம்.

"செக் பொயின்ற் சுவிற்ச்" என்றார்,
சிரிக்காமல்.

முன்லைற்றை அணை,
உள்லைற்றைப் போடு,
கண்ணாடியை இறக்கு,
அடையாள அட்டையை எடு.
இரண்டு கைக்கு நாலு வேலை.
பிந்தினால் துவக்கு நிமிரும்.
யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து
நாலை மூன்றாக்கியிருக்கிறார்.

புத்தகத்தைப் புரட்டினேன்.
நாலாவது பெயர் க. பஞ்சலிங்கம், தொண்ணூற்றாறு.
ஐந்தாவது ஒரு கமகே.
"அவராயும் இருக்கலாம், எல்லாரும்தான லைட்டப் போட்டது"
என்றார் நிஸ்தார்.
நான் நாலாவது பெயரிலேயே விரலை வைத்திருந்தேன்.

"முந்தி அந்தப் பாலத்தடியில்தான் மறிப்பாங்கள்" என்றேன்.
"பாலத்துல ஒரு பள்ளம் ஈக்கி.
சுவிற்ச்ல ஸ்பிரிங் செத்துப் போச்சி.
குலுங்கினா தானா விழும்.
பேய் இல்ல, ஸ்பிரிங்.
வெட்டவா?"

வெட்டுங்கோ என்று சொல்ல
எனக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பிடித்தது.

புது றிலே, பற்றறியிலிருந்து நேரே தடித்த வயர்,
துரு சுரண்டி வெறும் இரும்பில் எர்த்.
ஆறாயிரம்.
பழைய சாமான் உங்கடது என்று
சுவிற்ச்சைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார்.

இரவு, பாலம், அந்தப் பள்ளம்.
கார் குலுங்கியது.
லைற் இரண்டும் அசையவில்லை.
கால்வாய்க் கம்பிவேலியை,
அதில் காயப்போட்ட ஒரு சிவப்புத் துவாயை
முதன்முதலாகப் பார்த்தேன்.
வலப்பக்கம் காற்று அடித்தது.
கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.
நான்தான் இறக்கியிருக்க வேண்டும்.

ஒரு திரீவீலர் குறுக்கே விழுந்தது.
ஹோர்னை அழுத்தினேன்.
சத்தமில்லை.

நாளைக்கும் பஞ்சிகாவத்தைதான்.